பதினாலாமவர் மெஸ்ஸும் தோற்றுப்போன கேசரியும்

நம் நாட்டில் ராஜாக்களின் ஆட்சி ஒழிந்துவிட்டது என்று எழுதியவர்கள் ஒருவரும் தர்மபுரியில் எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள் இல்லை. ஒரு வேளை சாப்பிட்டிருந்தால்கூட அந்த வரியை அடித்துவிட்டு, 'ஓர் இடம் நீங்கலாக' என்று திருத்தி எழுதியிருப்பார்கள். அறுபதுகளின் கடைசியில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஓட்டுக் கூரையும் நாலு வரிசை பெஞ்சும் கொண்ட ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதை ஆண்டவருக்குப் பெயர் பதினாலாமவர்.

சேலத்திலிருந்து தர்மபுரியைத் தனி மாவட்டமாகப் பிரித்த புதிது. ஆபீஸ்கள் வந்தன, ஆபீஸர்கள் வந்தார்கள், அவர்கள் பின்னாலேயே வாய்க்கு ருசியான சோறு மட்டும் வரவில்லை. நானும் அப்படி வந்து இறங்கியவன்தான். புதிதாகத் திறந்த கல்லூரியில் சரித்திர டியூட்டர். பி.யூ.சி. பிள்ளைகளுக்கு ஐரோப்பாவின் முழு முடியாட்சியை நடத்துவது என் வேலை. காலையில் கல்லூரியில் நடத்துவதை மத்தியானம் மெஸ்ஸில் நேரில் பார்க்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் நாள் போனேன். காலியாக ஒரு இடம் இருந்தது, உட்கார்ந்தேன்.

"எந்திரிங்க" என்றது ஒரு குரல்.

நிமிர்ந்து பார்த்தேன். வாசலோரம் உயரமான ஸ்டூல். அதன்மேல் முறுக்கு மீசை, வழுக்கைத் தலை, பட்டுக்கரைத் துண்டு.

"உங்கள உக்காரச் சொன்னனுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப எந்திரிங்க."

எழுந்து நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். மாட்டுச் சந்தையில்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்கள். பிறகு அதே இடத்தைக் காட்டி, "இப்ப உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். இலை வந்தது.

அங்கே எல்லாமே அப்படித்தான். முதல் பெஞ்சு சமையலறை வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. ரசம் கொதிக்கக் கொதிக்க அங்கேதான் முதலில் வரும், அப்பளம் உடையாமல் வரும். கடைசி பெஞ்சுக்கு வருவதற்குள் ரசம் ஆறி, அப்பளம் நொறுங்கி, பொரியல் தீர்ந்திருக்கும். யார் எந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதை ஸ்டூலிலிருந்து ஒரு புருவத்தை அசைத்து அவர் முடிவு செய்வார். நெய் மட்டும் அவரே தம் கையால் ஊற்றுவார். ஒரு குட்டிக் கரண்டி, அதையும் சாய்க்கிற கோணத்தில்தான் அவருடைய கருணை. ஜில்லா முழுக்க ரோடு போடுகிற அசிஸ்டெண்ட் இன்ஜினியர் ஒருவர் அந்தக் கரண்டி இன்னும் கொஞ்சம் சாய்வதற்காக, "இன்னிக்கு மீசை எடுப்பா இருக்குங்க" என்று தினமும் சொல்வார். எனக்கு அவமானமாக இருக்கும். என்னைப்போலக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு இல்லாத அவமானமெல்லாம் வரும்.

அந்த வாரம் வகுப்பில் பிரான்ஸ் தேசத்துச் சூரிய ராஜாவை நடத்திக்கொண்டிருந்தேன். காலையில் அவர் படுக்கையை விட்டு எழும்போது சட்டையை எடுத்து நீட்டுகிற பாக்கியம் யாருக்கு என்று பெரிய பெரிய பிரபுக்கள் போட்டி போட்டார்களாம். சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இன்ஜினியர் முகம் கண்முன்னால் நின்றது. மத்தியானம் மெஸ்ஸில் வாய் சும்மா இருக்கவில்லை, பக்கத்து இலைக்காரரிடம் சொன்னேன். அந்த நாட்டில் ஒரே பெயரில் வரிசையாக ராஜாக்கள், அதில் இவர் பதினாலாவது ஆள் என்று. பிரெஞ்சுப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நம்பர் மட்டும் ஸ்டூல்காரருக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

இன்ஜினியர்தான் போட்டுக் கொடுத்தார். ராஜா ஸ்டூலை விட்டு இறங்கி என் இலைக்கு எதிரே வந்து நின்றார்.

"எனக்கு நம்பர் போட்டிருக்கீங்களாமே வாத்தியாரே?"

என் மெஸ் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"எத்தன வருசம் ஆண்டாருங்க?"

"எழுபது வருஷத்துக்கு மேலங்க."

"அடேங்கப்பா! சமைக்க ஆளு வெச்சிருந்தாருங்களா?"

"நூத்துக்கணக்குல."

"நமக்கு ஒரே ஆளுதான்" என்று பெருமூச்சு விட்டார்.

"அந்த ஒரு ஆளும் படுத்துட்டா தெரியும் சேதி" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அது அவர் மனைவி. நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கர்நாடக எல்லையோரத்துக் கிராமத்தில் பிறந்தவர். சாதாரண நாளில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். அந்த மெஸ்ஸில் வெந்தது, வதங்கியது, தாளித்தது எல்லாம் அவர் கை. அவருக்கு உதவி, மகள் செல்வி. எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். என்னைப் பார்த்தால் போதும், "சார், காலேஜுல லைப்ரரி எவ்ளோ பெருசு சார்? பொண்ணுங்க எத்தன பேரு சார்?" என்று கேள்வி மேல் கேள்வி. அவள் அப்பாவோ மாரண்டஹள்ளியில் காய்கறி மண்டி வைத்திருந்த ஒரு குடும்பத்தில் அவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். செல்வி கல்லூரிக்குப் போவாளா, மாரண்டஹள்ளிக்குப் போவாளா? அந்த வருஷம் அந்த வீட்டில் இருந்த கேள்வி அது ஒன்றுதான்.

"ராஜா சொன்னா சொன்னதுதான்" என்பார் பதினாலாமவர். அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் அன்றைக்குச் சாம்பாரில் காரம் தூக்கலாக இருக்கும்.

பட்டம் கிடைத்த பிறகு மனிதரைப் பிடிக்க முடியவில்லை. அந்த ராஜா சிவப்புக் குதிகால் வைத்த செருப்புப் போடுவார் என்று தெரியாத்தனமாக ஒரு நாள் சொல்லிவிட்டேன். மறுநாளே மரக்கட்டை மிதியடிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டு டக் டக்கென்று வந்தார். பென்னாகரம் பஸ் கண்டக்டர் ஒருவர், "முந்தின பதிமூணு பேரு யாருங்க?" என்று விவரமாகக் கேட்டார். ராஜா அசரவில்லை. தினம் ஒரு முன்னோரை உண்டாக்கினார். மூன்றாமவர் புலியோடு கட்டிப் புரண்டவர். எட்டாமவர் ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தவர். பதினொன்றாமவர் ஒரே மூச்சில் ஒரு அண்டா களி தின்றவர். சரித்திரம் படித்த நானே சில நாள் நம்பிவிட்டேன்.

இப்படியே போயிருந்தால் எழுபது வருஷம் ஆண்டிருப்பார். ஒரு நாள் எனக்கு அவரைக்கொட்டைக் கடையல் இரண்டாம் தரம் இல்லை என்றார். முதல் பெஞ்சுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"பதினாலாமவர் கதைதானுங்க உங்களுக்குத் தெரியும். பதினாறாமவருக்கு என்ன ஆச்சு தெரியுமா?"

"என்னா ஆச்சுங்க?"

கைவிரலால் என் கழுத்தில் ஒரு கோடு இழுத்துக் காட்டினேன்.

"யாருங்க செஞ்சது?"

"சோறு கெடைக்காத ஜனங்க."

ராஜா மெல்லத் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் இலைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து அவரைப் பார்த்தோம். அவர் கை தன்னாலே கழுத்துக்குப் போனது. அன்றைக்கு எனக்கு அவரைக்கொட்டைக் கடையல் மூன்றாம் தரமும் வந்தது.

மறுநாள் தனியாகக் கூப்பிட்டார். "இதுக்கு வைத்தியம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்று கேட்டார்.

உண்டு என்றேன். அந்தக் காலத்தில் அந்த நாடுகளில் சில பேர் உட்கார்ந்து யோசித்தார்கள். ராஜாவை சாமி அனுப்பவில்லை, ஜனங்கள் ஒப்புக்கொண்டதால்தான் அவர் ராஜா என்றார்கள். சட்டம் போடுகிறவர், அதை நடத்துகிறவர், நியாயம் சொல்கிறவர், மூவரும் தனித்தனி ஆளாக இருக்க வேண்டும் என்றார்கள். சட்டம் எல்லோருக்கும் பொது, போட்டவருக்கும் சேர்த்து. இதையெல்லாம் பி.யூ.சி. மாணவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் கேட்பார்கள். பதினாலாமவர் வாய் பிளந்து கேட்டார். கழுத்து விஷயம் ஆயிற்றே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தயிர்ச்சோறு நடக்கும்போது ஸ்டூல்மேல் ஏறி நின்று அறிவித்தார்.

"இன்னியிலருந்து நம்ம மெஸ்ஸுல அதிகாரம் மூணாப் பிரியுது. என்னா சமைக்கணும்னு நீங்க சபை கூட்டிச் சட்டம் போடுங்க. சமையக்கட்டு அத நடத்தும். சண்டை வந்தா நம்ம அமீனா தீர்ப்புச் சொல்வாரு. ராஜாவுக்கு ஓட்டு கெடையாது. முடிவச் சொல்றது மட்டும் ராஜா!"

அமீனா என்பவர் கோர்ட்டில் ஜப்தி செய்கிற அமீனாவாக வேலை பார்த்து ரிடையரானவர், தினமும் அங்கேதான் சாப்பாடு. சாப்பிட்டதும் உட்கார்ந்தபடியே தூங்குவார். இரு தரப்புக்கும் பொதுவாகத் தூங்குவதால் அவரைத் தேர்ந்தெடுத்ததாக ராஜா பெருமையாகச் சொன்னார்.

ஓட்டுப் போடுவதற்கும் ஒரு முறை வைத்தார். சாப்பிட்ட கையைக் கழுவுவதற்கு முன்னாலேயே தூக்க வேண்டும். கழுவ விட்டால் எல்லோரும் கொல்லைப்புறக் குழாயிலிருந்து அப்படியே மேட்னிக்கு ஓடிவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். பருக்கை ஒட்டிய கைக்குத்தான் ஓட்டு. காய்ந்த கைக்கு இல்லை.

அப்போதுதான் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அப்ப நீங்க இனிமே சமையக்கட்டுக்குள்ள வந்து உப்பப் போடு, புளியக் கரைன்னு சொல்லக்கூடாது. அப்படித்தானுங்களே?"

ராஜா கொஞ்சம் தடுமாறினார். "நல்லதுக்குத்தான சொல்றன்..."

"சாக்கு, நில்சி!" என்றார் அக்கா. போதும் நிறுத்து என்று அர்த்தம். கன்னடம் வந்துவிட்டதால் ராஜா உடனே சம்மதித்தார். அமீனா கண் விழித்து, "பிரிச்சா பிரிச்சதுதான். சபை பாஸ் பண்ணாதது அடுப்புல ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து தூங்கினார்.

சபை களைகட்டியது. செவ்வாய்க்கிழமை கேழ்வரகுக் களி வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் ஒரு கட்சி. களி கண்ணில் படக்கூடாது என்று தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த குமாஸ்தாக்கள் இன்னொரு கட்சி. பெஞ்சு உடையாத குறை. ராஜா உள்ளே போகாததால் சமையல் பிரமாதமாகிவிட்டது என்பது ஊரறிந்த ரகசியம். ராஜாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. "பாத்தீங்களா, மூணாப் பிரிச்சதும் ரசமே வேற ருசி!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்தார்.

செல்விக்கு ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். கல்லூரியில் விண்ணப்பம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமைதான் ராஜா சமையலறை வாசல்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னார்:

"நாளைக்கு மாரண்டஹள்ளியிலருந்து பொண்ணு பாக்க வராங்க. கேசரி கிண்டிடு."

"சபையில பாஸ் ஆச்சுங்களா?" என்றார் அக்கா.

ராஜா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"நான் சொல்றன்ல?"

"நீங்க சொல்லி நான் கிண்டற காலம் மலையேறிப் போச்சுங்க. வேற யாரும் ஏத்தல, நீங்களேதான் ஸ்டூலு மேல நின்னு ஏத்துனீங்க. இது மெஸ்ஸு அடுப்பு. சபை சொல்லட்டும், கிண்டறன்."

ராஜா சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்களைப் பார்த்தார், நாங்கள் இலையைப் பார்த்தோம். பிறகு மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார். "நாளைக்குச் சபை கூடட்டும். கேசரி வேணாம்னு எந்த மனுசனாவது கை தூக்குவானா!" என்றார். அவர் கணக்கிலும் நியாயம் இருந்தது. மாசம் முப்பது நாளும் ரசம் மோர் என்று கிடக்கிற பிரம்மச்சாரிகளுக்கு முந்திரிப்பருப்பு என்றால் உயிர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா மண்டிக்காரர், கனத்த சரீரம், வெள்ளைச் சட்டை. முதலில் பலகாரம், அப்புறம் பெண், அதற்கப்புறம்தான் சாப்பாடு என்பது அவர்கள் முறை. எங்கள் முறையோ முதலில் சாப்பாடு, அப்புறம் சபை. ஆகவே அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்க நாங்கள் சாப்பிட்டு முடித்தோம். கையைக் கழுவாமல் அப்படியே திரும்பி உட்கார்ந்தோம்.

ராஜா ஸ்டூலில் ஏறினார். "ஒரு படி ரவையில கேசரி. சபை பாஸ் பண்ணணும்."

"எதுக்காக?" என்றார் அமீனா. அன்றைக்கு அவர் தூங்கவே இல்லை. "காரணம் சொல்லாம வழக்கு எடுக்க முடியாது."

"பொண்ணு பாக்க வந்திருக்காங்க, அதுக்குத்தான்."

"பாக்கப் போறது என்னைத்தான?" சமையலறை வாசலிலிருந்து செல்வியின் குரல். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "எனக்கு இது வேணாம்பா. நான் காலேஜுல சேரணும். நம்ம வூட்டுலருந்து பத்து நிமிச நடைதான். படிச்சு முடிச்சுட்டு நீங்க யார காட்டுறீங்களோ அவங்க முன்னால நானே கேசரி கொண்டுவந்து வெக்கறேன்."

மண்டிக்காரர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "என்னாங்க நடக்குது இங்க?"

"சட்டசபைங்க" என்றார் பக்கத்தில் இருந்த இன்ஜினியர். "கொஞ்சம் இருங்க, ஓட்டெடுப்பு."

கேசரிக்கு ஆதரவாக முதலில் எழுந்தது இன்ஜினியர் கைதான். அதன் பின்னால் வரிசையாகக் கைகள். எதிர்ப்பவர்கள் என்றதும் நான் தூக்கினேன். கேசரிக்கு எதிராக என் வாழ்க்கையில் கை தூக்கியது அந்த ஒரு முறைதான். பிறகு களிக் கட்சியில் ஒருவர் தூக்கினார். தஞ்சாவூர்க் கட்சியில் ஒருவர் தூக்கினார். ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேரும் ஒன்றாகக் கை தூக்கியதைப் பார்த்து மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. எண்ணிப் பார்த்த அமீனா, "சமம்" என்றார்.

"சமம்னா பாஸ்தான்!" என்று ராஜா வாயெடுப்பதற்குள் சமையலறை வாசலில் இன்னும் இரண்டு கைகள் எழுந்தன. ஒன்று வளையல் போட்ட கை, ஒன்று அடுப்புச் சூட்டில் கறுத்த கை.

"உங்களுக்கு ஏது ஓட்டு?" என்றார் ராஜா. "நீங்க எப்பவும் எல்லாரும் சாப்ட்டப்புறம் கடைசியிலதான சாப்புடுவீங்க!"

"இன்னிக்கு மொதல்லயே சாப்ட்டோம்" என்றார் அக்கா.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் யாருக்கும் முன்னால் சாப்பிட்டதே இல்லையாம். பின்னால் எனக்கு அவரே சொன்னார். அமீனா எழுந்து போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் ஆராய்ந்தார். "கீரைக் கடையல். பருக்கையும் இருக்குது. ஓட்டுச் செல்லும்" என்றார்.

முடிவைச் சொல்ல வேண்டியவர் ராஜா. நான் நடத்துகிற பாடத்தில் இந்த இடத்துக்கு வந்த ராஜாக்கள் அநேகமாகப் பட்டாளத்தைக் கூப்பிட்டுவிடுவார்கள். இவரும் ஒரு அதட்டல் போட்டிருந்தால் போதும். இடம் அவருடையது, பெஞ்சு அவருடையது, வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். மறு வேளையே நாங்கள் வாயை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்போம். அவர் முகம் சிவந்தது. மீசை துடித்தது. மகளைப் பார்த்தார். அவள் இன்னும் கையை இறக்கவில்லை.

ராஜா ஸ்டூலிலிருந்து இறங்கி, மண்டிக்காரர் முன்னால் வந்து துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மன்னிக்கணுங்க. கேசரி தோத்துப் போச்சுங்க."

"அப்படின்னா?"

"என் மவ காலேஜுக்குப் போறாங்க. சட்டம் போட்டது நானு. நானே அத மீறிட்டு நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இந்த ஸ்டூலு மேல ஏறுவன், சொல்லுங்க?"

மண்டிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்ல வேளைங்க! இந்தப் பொண்ணு எங்க வூட்டுக்கு வந்து மண்டியில ஓட்டெடுத்தா என் கதி என்னாவறது? பலகாரம் போனாப் போவுது, பசிக்குது, சோறாவது பாஸ் ஆயிருக்குதுங்களா?" சோறு ஏற்கெனவே பாஸ் ஆகியிருந்தது. கீரைக் கடையலை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அக்காவைப் புகழ்ந்துவிட்டு, மாரண்டஹள்ளி பஸ் ஏறினார்கள்.

அக்கா உள்ளே போய்ச் சத்தமில்லாமல் அழுதார். "நான் அஞ்சாவதோட நின்னவ தம்பி" என்று மட்டும் என்னிடம் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துப் பதினாலாமவர் என்னைக் கூப்பிட்டு, கல்லூரியில் பெண் பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர்ப் பானை இருக்கிறதா என்று விசாரித்தார்.

கல்லூரி திறந்த நாள். சபையைக் கூட்டவில்லை, யாரையும் கேட்கவில்லை, ராஜா தாமாகவே ஓர் உத்தரவு போட்டார்: மெஸ் இன்றைக்கு லீவு. காலை இட்லி கிடையாது, மத்தியானச் சோறு கிடையாது. வழக்கமாகப் பெஞ்சை உடைக்கிற சபையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இன்ஜினியர்கூட இரண்டு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு ஆபீஸ் போனார்.

நான் வெறும் வயிற்றோடு முதல் வகுப்புக்குப் போனேன். முன்வரிசையில் செல்வி புது நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே, புளியமரத்தடியில், பட்டுக்கரைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா. மணி அடித்தும் போகவில்லை, அடுத்த மணி அடித்தும் போகவில்லை. பாடம் நடத்திக்கொண்டே இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ராஜா, உள்ளே வரலாமா என்று கேட்பதற்குக் கூச்சப்பட்டவர் மாதிரி கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டார்.

எத்தனையோ ராஜாக்களைப் பரீட்சைக்காகப் படித்தேன், சம்பளத்துக்காக நடத்தினேன். நான் மனதாரப் பிரியம் வைத்த ராஜா அந்தப் புளியமரத்தடியில் நின்றவர் ஒருவர்தான்.